வண்டி நிக்கற நேரத்துல தான் காலுக்கு வேலைங்க

போன தை மாசம் எங்க நங்கை, அண்ணன் சம்சாரம், ஊத்துக்குளி பக்கம் வண்டியோட சாஞ்சு உழுந்துட்டாங்க. வேகமா போயி உழுகலீங்க. முன்னாடி போன பஸ்ஸு ஸ்டாப்புல நின்னுச்சு, இவங்களும் பிரேக்கப் புடிச்சு நிறுத்திட்டாங்க, வண்டி நின்னே போச்சு, எடது காலக் கீழ ஊனறாங்க, அந்த எடத்துல யாரோ வண்டி ஏறி மிதிபடட்டும்னு கொள்ளுச் செடியப் பரப்பி வெச்சிருந்தாங்க, அந்தச் சருகு மேல ஹவாய் செருப்பு சர்ருனு வழுக்கிருச்சு, செருப்பு முன்னால போயிருச்சு, பாதம் அடியில மடங்கிருச்சு, அது மேல வண்டி சாஞ்சுருச்சு. சுண்டுவிரல் பக்கத்து பாத எலும்புல கிராக்கு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அவங்க திருப்பூர்ல பனியன் தைக்கற பேட்லாக் மிஷின்ல பீஸ் ரேட்டுக்குத் தைக்கறவங்க. பெடல மிதிக்கறது கால் தானுங்களே, அதனால ஆறு வாரமும் ஒரு ரூவா வருமானம் இல்லை, கட்டுப் பிரிச்ச அப்புறமும் பழைய வேகம் வர ரெண்டு மாசம் ஆச்சு.

ஹெல்மெட் போட்டிருந்தாங்க, வேகமும் இல்லை, குறை சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லை, கால்ல கெடந்த செருப்பத் தவிர. அதுல இருந்து எனக்கு இது மனசுல உக்காந்துருச்சு, கண்ட எடத்துல எல்லாம் வண்டி ஓட்டறவங்க காலையே பாக்க ஆரம்பிச்சேன், காலைல எட்டு மணிக்கு திருப்பூர் போற எந்த ரோட்டுலயாவது நின்னு பாருங்க, தலைக்கு ஹெல்மெட் இருக்கும், மூஞ்சிக்கு துப்பட்டா சுத்தியிருக்கும், கைக்கு க்ளவுஸ் கூட இருக்கும், கால்ல மட்டும் ரெண்டு வார் வெச்ச ரப்பர் செருப்பு.

இது எப்புடி வந்துச்சுன்னு யோசிச்சா, வண்டி மாறுன கதையில தான் வந்து நிக்குது. பழைய பஜாஜ் சேத்தக் ஓட்டுனவங்களைக் கேளுங்க, அதுல பின் பிரேக்கு வலது கால்ல இருக்கும், கியர் எடது கையில. கால் வழுக்குனா பின் பிரேக்கே இல்லை, அதனால ஆபீஸ் போறவங்க ஷூ போட்டுத் தான் ஓட்டுவாங்க. 1980-ல டிவிஎஸ் 50 வந்துச்சு, 1984-ல கைனடிக் ஹோண்டா கியர் இல்லாம வந்துச்சு, 2000-த்துக்கு மேல ஆக்டிவா வந்து ஊடு ஊடா போய்ச் சேந்துச்சு, இப்ப ரெண்டு பிரேக்கும் கையில தான். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசி வரைக்கும் இருக்கற புது வண்டி எல்லாத்துக்கும் ஒரு லீவரப் புடிச்சாலே ரெண்டு சக்கரமும் புடிக்கற சிஸ்டம் கட்டாயமா இருக்கோணும்னு ஆயிருச்சு, அது நல்ல விசயம் தான், ஆனா ஓட்டறப்ப காலுக்கு ஒரு வேலையும் இல்லாம போச்சு, பலகை மேல ரெண்டு காலையும் வெச்சுட்டு சேர்ல உக்காந்த மாதிரி போறோம். சேர்ல உக்காரறதுக்கு எதுக்குங்க ஷூ.

ஆனா வண்டி நின்ன அடுத்த நொடியே மொத்த வேலையும் காலுக்குத் தான் வந்துருது. ஓடற வண்டி சாயாம தன்னால நேரா நிக்கும், வேகம் கொறைஞ்சு நடக்கற வேகத்துக்கு வந்துட்டா அது தன்னால நிக்காது, நாம தான் தாங்கோணும். ஒரு பெட்ரோல் ஸ்கூட்டர் 105 கிலோவுல இருந்து 110 கிலோ இருக்கும், எலக்ட்ரிக் வண்டின்னா பேட்டரியோட சேத்து 110-ல இருந்து 130-க்கு மேல கூடப் போகுது. கணக்குப் போட்டுப் பாருங்க, 105 கிலோ வண்டி பத்து டிகிரி சாஞ்சா அதத் தாங்கிப் புடிக்க சுமார் 18 கிலோ பலம் போதும், அதே முப்பது டிகிரி சாஞ்சுருச்சுன்னா 52 கிலோ வேணும், அதுக்கு மேல நம்ம எடை, பின்னாடி உக்காந்தவங்க எடை, முன்னாடி வெச்ச மூட்டை எல்லாம் தனி. அப்ப முதல் பத்து டிகிரிக்குள்ள கால் கெட்டியா ஊனிருச்சுன்னா ஒரு பொம்பளப் புள்ளை கூட வண்டிய நிமித்திப் போடலாம், அந்த நேரத்துல செருப்பு அரை அடி வழுக்குனா எந்த ஆம்பளையாலயும் புடிக்க முடியாது. அடிப்பாகம் புடிக்கறதா வழுக்கறதாங்கறது அத்தன பெரிய விசயம்.

அதுவும் நம்ம ஊருப் பக்கம் கால ஊனற எடம் எப்புடி இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டு ஓரத்துல மணல், வேலை நடக்கற எடத்துல ஜல்லி, பெட்ரோல் பங்க்குல சிந்துன டீசல், மழை பேஞ்சா வழுக்கற வெள்ளைக் கோடு, ரயில்வே கேட்டுல தண்டவாளம், தை மாசியில கொள்ளு, இன்னொரு நேரம் எள்ளு, சோளத்தட்டு. பொள்ளாச்சி பக்கம்னா தேங்காய் மட்டையும் நாரும். ஆனி ஆடியில பல்லடம் உடுமலை பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கும் பாருங்க, சிக்னல்ல நிக்கற வண்டியவே சாய்ச்சுப் போடற காத்து அது, ரெண்டு காலையும் ஊனிட்டு நிக்கோணும்.

இன்னொரு விசயம், இது உயரம் கம்மியா இருக்கற பொம்பளைங்களுக்கு ரொம்ப முக்கியம். ஸ்கூட்டர் சீட்டு உயரம் பெரும்பாலும் 765 மில்லிமீட்டர ஒட்டி இருக்கும். அஞ்சடிக்குக் கீழ இருக்கறவங்களுக்கு முழுப் பாதம் ஊனாது, நுனிக்கால்ல தான் நிப்பாங்க. தேஞ்சு போன ஹவாய் செருப்புல அடிப்பாகம் ஒரு செ.மீ. கூட இருக்காது, அதே ரெண்டரை செ.மீ. தட்டையான அடி இருக்கற ஷூ போட்டா அந்த ஒன்றரை செ.மீ. வித்தியாசத்துல குதிங்காலும் தரைக்குக் கிட்ட வந்துரும். ஹீல்ஸ் போட்டா உயரம் வரும்னு சிலர் நெனைக்கறாங்க, அப்புடி இல்லீங்க, ஹீல்ஸ்ல உயரம் குதிங்காலுக்கு அடியில மட்டும் தான் இருக்குது, தரையில படற எடம் ஒரு ரூவாக் காசு அளவு, ஜல்லியில அது நிக்கவே நிக்காது, கணுக்கால் வெளிப்பக்கமா மடங்கிரும். அடிப்பாகம் முழுக்க ஒரே மட்டமா இருக்கோணும், அது தான் கணக்கு.

இந்த ஊனற வேலை போக சென்டர் ஸ்டாண்டு போடற வேலை ஒண்ணு இருக்குது. அந்த இரும்பு நாக்க மிதிச்சு மொத்த எடையையும் அது மேல ஏத்தோணும், மெல்லிசு செருப்புன்னா பாதத்துக்கு நடுவுல இரும்பு அழுத்தறது தெரியும், வலிக்குதுன்னு பாதி அழுத்துவோம், வழுக்கும், ஸ்டாண்டு எகிறி வந்து முன்னங்கால் எலும்புல அடிக்கும். சைடு ஸ்டாண்டத் தட்டறப்ப கட்டைவிரல் நகம் பேந்தவங்க நெறையப் பேரு. காலைல குளுந்த வண்டிய கிக்கர்ல உதைக்கறப்ப செருப்பு வாரு கிக்கர்ல மாட்டிக்கும். வாரு பிச்சுக்கிட்டா அடியில ஒரு ஊக்கு மாட்டிக்கிட்டு அடுத்த ஆறு மாசம் ஓட்டறதும் நம்ம பழக்கம், அந்த ஊக்குத் தலை வெளிய நீட்டிட்டு பலகை மேல உரசிட்டே வரும், அந்த செருப்ப நம்பித் தான் 105 கிலோவ நிறுத்தறோம்.

உழுந்து சறுக்கறதயும் சொல்லீறேன். முப்பது கிலோமீட்டர் வேகத்துல உழுந்தாலே தார் ரோட்டுல ஒரு அஞ்சாறு மீட்டர் இழுத்துட்டுப் போகும். உழுகறப்ப மொதல்ல கழண்டு பறக்கறது செருப்பு தான், விபத்து நடந்த எடத்துல வண்டிக்கு நாலு எட்டு தள்ளி செருப்பு தனியாக் கெடக்கறத எல்லாருமே பாத்திருப்போம். அப்புறம் வெறுங்கால் தான் ரோட்டுல உரசுது. பாதத்து மேல்பக்கம் தொட்டுப் பாருங்க, தோலு, அதுக்குக் கீழ வெரல இழுக்கற நரம்பு மாதிரி நாண், அதுக்குக் கீழ எலும்பு, அவ்வளவு தான், தொடையில இருக்கற மாதிரி சதையோ கொழுப்போ கெடையாது. கணுக்கால்ல ரெண்டு பக்கமும் எலும்பு வெளிய துருத்திட்டே இருக்குது. அங்க தோலு போச்சுன்னா நேரா உள்ள தான், ஆறவும் நாளாகும்.

இந்தியாவுல 2022-ல மட்டும் ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேருன்னு மத்திய அரசு கணக்கு சொல்லுது, அதுல நூத்துக்கு 44-க்கு மேல டூவீலர்ல போனவங்க. ஹெல்மெட்டப் பத்தி இத்தன பேசறது அதுக்கோசரம் தான், பேசித் தான் ஆகோணும். கால் ஒடஞ்சா உசுரு போகாது, அதனால எந்தப் பெரிய கணக்குலயும் அது வராது, நின்னுட்டு இருக்கற வண்டி சாஞ்சு பாதம் ஒடஞ்சத யாரு போலீஸ்ல போயி எழுதறாங்க. ஆனா நம்ம ஊருல கால வெச்சுப் பொழைக்கறவங்க தான் எச்சு. ஓவர்லாக் பேட்லாக்ல உக்காந்து பெடல் மிதிக்கறவங்க, தறிக்கு நடுவுல பன்னண்டு மணி நேரம் நடந்துட்டே இருக்கறவங்க, மாட்டுக்குத் தட்டு அறுக்கறவங்க, செக்கிங் டேபிள்ல நின்னுட்டே வேலை பாக்கறவங்க. பாத எலும்பு கூடறதுக்கு ஆறு வாரத்துல இருந்து எட்டு வாரம் ஆகும், அத்தன நாளு சம்பளம் இல்லாத ஊடு எப்புடி ஓடும்னு நான் எங்க அண்ணன் ஊட்டுல பாத்தேன்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. செருப்புப் போட்டு வண்டி ஓட்டுனா ஃபைன்னு 2019-ல வாட்ஸ்அப்புல சுத்துச்சு ஞாபகம் இருக்குதுங்களா, அந்த வருசம் செப்டம்பர்ல மந்திரி நிதின் கட்கரி ஆபீஸே அப்புடி ஒரு ஃபைன் புது மோட்டார் வாகனச் சட்டத்துல இல்லைன்னு சொல்லிருச்சு. அதனால போலீசு புடிப்பாங்கன்னு இதப் பண்ண வேண்டியதில்லை, நம்ம காலுக்குன்னு பண்ணிக்க வேண்டியது தான்.

சரி, ஏன் எல்லாரும் செருப்பே போடறாங்க? காசு இல்லாமயோ அறிவு இல்லாமயோன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம ஊருப் பழக்கத்துல ஒரு நாளைக்கு எத்தன தடவ செருப்பக் கழட்டறோம்னு எண்ணிப் பாருங்க. ஒறம்பரை சொந்தக்காரங்க ஊட்டு வாசல்ல, கோயில்ல, கிளினிக்குல, சில கம்பெனியில உள்ள போறப்ப, சில ஜவுளிக்கடையில கூட. ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு லேஸ் அவுத்துக் கட்டிட்டு இருக்க யாரால முடியும், அதுவும் கையில கொழந்தை, ஒரு கையில தூக்குப்போசி. ரெண்டாவது வெயில். சித்திரையில காங்கேயம் தாராபுரம் பக்கம் மத்தியானம் ஷூவுக்குள்ள கால் வெந்து போகும். இந்த ரெண்டையும் தீக்காம சும்மா ஷூ போடுங்க ஷூ போடுங்கன்னு சொன்னா ரெண்டு நாள் போட்டுட்டு மூணாவது நாள் பழைய செருப்புக்கே போயிருவாங்க. அதனால நான் பாக்கறது, கழட்ட லேசா இருக்கோணும், காத்துப் போகோணும், ஆனா தானாக் கழண்டு போகக் கூடாது, வெரல மூடியிருக்கோணும், அடி வழுக்கக் கூடாது. இதுக்குள்ள வர்ற பொருள் கடையில நெறைய இருக்குதுங்க, நாம தான் பாக்கறதில்லை.

அடிப்பாகத்துல இருந்து சொல்றேன், ஏன்னா கடையில யாரும் திருப்பிப் பாக்கறதே இல்லை. இப்ப லேசா பஞ்சு மாதிரி வர்ற செருப்பு, க்ளாக்ஸ், ஜாகிங் ஷூ பலதுக்கும் அடி ஈ.வி.ஏ. ஃபோம். காலுக்கு சொகம், எடையே இருக்காது, ஆனா ஈரத் தரையில, டைல்ஸ்ல, பெயிண்ட் அடிச்ச கோட்டு மேல நல்ல ரப்பர் அளவுக்கு அது புடிக்காது, சீக்கிரம் தேஞ்சு மழமழன்னு ஆயிரும். பி.வி.சி. அடி மலிவு, கெட்டி, குளிர்ல இன்னும் கெட்டியாகி வழுக்கும். பி.யூ., அதாவது பாலியூரித்தேன், அடி நல்லா இருக்கும், ஆனா அதுல ஒரு நோய் உண்டு, கீழ சொல்றேன். வண்டிக்கு எனக்குத் தெரிஞ்சு ரப்பர் அடி தான் நல்லது, இல்லாட்டி நடுவுல ஃபோம் வெச்சு கீழ ரப்பர் ஒட்டுனது, சொகமும் இருக்கும் புடிமானமும் இருக்கும். நகத்த வெச்சு அழுத்திப் பாருங்க, கொஞ்சம் அமுங்கி உடனே திரும்பி வரோணும், நகத்துத் தடம் அப்புடியே நின்னா வாங்காதீங்க. எங்க அப்பாரு டயர் செருப்புத் தான் போடுவாரு, லாரி டயர அறுத்துத் தெச்சது, காட்டுல கிளுவை வேலி முள்ளு, வேலா முள்ளு எதுவும் ஏறாது, ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரிப் பாதையில சேறா இருந்தாலும் வழுக்காது, அவரோட டிவிஎஸ் 50-ல அதோட தான் போவாரு. பின்வார் இல்லாதது தான் அதுல குறை, அடிப்பாகத்த மட்டும் பாத்தா இன்னைக்கும் அத மிஞ்ச ஆளில்லை. இந்தப் பக்கத்துல தோல் செருப்பும் கெணத்துத் தண்ணி எறைக்கற தோல் பறியும் தலைமுறை தலைமுறையா தெச்சுக் குடுத்தவங்க அருந்ததிய மக்கள், அவங்களே செருப்புப் போட்டு ஊருக்குள்ள நடக்கக் கூடாதுன்னு வெச்சிருந்த ஊருங்க இது. செருப்பப் பத்தி எழுதறப்ப அதச் சொல்லாம தாண்டிப் போக எனக்கு மனசு வரலை.

அடுத்து அடியில இருக்கற வெட்டு. ரொம்ப ஆழமான கட்டை கட்டையா இருக்கற டிரெக்கிங் அடி மண்ணுல நல்லா இருக்கும், ஆனா ஸ்கூட்டர் பலகையோட ஓரத்துல மாட்டும், சேறு அடைச்சுக்கும். நடுத்தரமா, தண்ணி வெளிய போக வழி இருக்கற வெட்டுப் போதும்.

மேல்பாகத்துக்கு வந்தா தோலுக்கு ஈடு கெடையாது, நெசத் தோலு ரோட்டுல உரசுனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். தோல் மாதிரியே மினுமினுன்னு வர்ற ரெக்ஸின் ஆறு மாசத்துல உரிஞ்சு வரும், உரசுனா உடனே போயிரும். வலை மாதிரி இருக்கற ஸ்போர்ட்ஸ் ஷூ காத்துக்கு நல்லது, சறுக்குனா நிக்காது, ஆனாலும் வெறுங்காலுக்கும் ஹவாய் செருப்புக்கும் அது எவ்வளவோ மேல், ஏன்னா கால்லயே இருக்கும், வெரல மூடியிருக்கும். அதுல முன்னாடி வெரல் மேல ரப்பர் ஏத்தி ஒட்டி இருக்கறதாப் பாத்து எடுத்தீங்கன்னா சைடு ஸ்டாண்டுக்கும் ஒதவும். கணுக்கால மூடற உயரம் இருந்தா ரொம்ப நல்லது. லேஸ் இல்லாம ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வெச்ச கணுக்கால் உயரத் தோல் ஷூ வருது பாருங்க, இழுத்தா கழண்டுரும், தானாக் கழண்டு போகாது, நம்ம வாசல் பழக்கத்துக்கு அத விடப் பொருத்தமானது நான் பாக்கலை. ஜிப் வெச்சதும் சரி. லேஸ் தான் போடுவேன்னா முடிச்சுப் போட்டு மிச்சத்த உள்ள செருகிருங்க, தொங்க உட்டா கிக்கர்லயும் ஸ்டாண்டுலயும் மாட்டும், கால ஊனப் போற நேரம் பாத்து கால் வராது.

ஷூ ஆகவே ஆகாதுங்கறவங்களுக்கு, பின்னாடி வார் வெச்ச, வெரல் மூடுன சாண்டல் இருக்குது. பக்கத்துல ஓட்டை ஓட்டையா இருக்கும், காத்துப் போகும், வெல்க்ரோ ஒட்டு. பின்வார் இல்லாத எதையும் வண்டிக்கு எடுக்காதீங்க, எத்தன வெலையா இருந்தாலும் சரி, எத்தன சொகமா இருந்தாலும் சரி. இதுல மட்டும் நான் பிடிவாதம்.

கம்பெனியில குடுக்கற சேஃப்டி ஷூவப் போட்டு ஓட்டலாமான்னு பெருந்துறை சிப்காட்டுல வேலை பாக்கற எங்க மாமன் பையன் கேட்டான். தாராளமா. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐ.எஸ். 15298 ரெண்டாவது பாகம்னும் போட்டிருந்தா அதோட முன்கப்பு 200 ஜூல் அடி தாங்கோணும்னு அர்த்தம், அதாவது இருவது கிலோ எடைய ஒரு மீட்டர் உயரத்துல இருந்து வெரல் மேல போட்டாலும் வெரலு நசுங்கக் கூடாது. மூணாவது பாகம்னா அதுல பாதி, 100 ஜூல். ஆயிரம் ரூவாய ஒட்டியே நல்லது கெடைக்குது. குறைன்னா எடை எச்சு, வெயிலுக்குப் புழுக்கம், அப்புறம் அது மெஷினுக்காகச் செஞ்சது, ரோட்டுல உரசறதுக்கும் பக்கவாட்டுல நசுங்கறதுக்கும் டெஸ்ட் பண்ணுனது இல்லை. அந்த டெஸ்ட்டெல்லாம் பண்ணுனது மோட்டார்சைக்கிள் பூட்ஸ், அதுக்கு ஐரோப்பாவுல ஈ.என். 13634-னு ஒரு அளவுகோல், பூட்ஸ் உள்ள ஒட்டுன லேபிள்ல ஒரு பைக் படம் இருக்கும், கீழ நாலு எண் இருக்கும், ஒவ்வொண்ணும் 1 இல்லை 2. மேல்பாக உயரம், உரசல் தாங்கறது, வெட்டு தாங்கறது, பக்கவாட்டுல நசுக்குனா நசுங்காம இருக்கறது, இது தான் அந்த நாலும், 2-னா எச்சுப் பாதுகாப்பு. பார்க்க சாதா ஷூ மாதிரியே இருக்கற குட்டை பூட்ஸ் கூட இந்த முத்திரையோட வருது. தெனம் நாப்பது அம்பது கிலோமீட்டர், கோயமுத்தூர் அவிநாசி ரோடு மாதிரி எடத்துல போறவங்க காசு சேத்து ஒரு தடவ அத வாங்கறது நல்லது, பால் சொசைட்டிக்கும் ஸ்கூலுக்கும் போறவங்களுக்கு அது தேவையில்லை.

வாங்கறப்ப சாயங்காலமா பொழுதோட போங்க, நாள் முழுக்க நின்னு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப சரியா இருந்தா எப்பவும் சரியா இருக்கும். வெரலுக்கு முன்னாடி ஒரு செ.மீ. எடம் இருக்கட்டும், பிரேக் அடிக்கறப்ப கால் முன்னாடி போயி முட்டக் கூடாது. துணி பிழியற மாதிரி ஷூவ ரெண்டு கையில முறுக்கிப் பாருங்க, ஈசியா முறுக்குச்சுன்னா கால் மடங்கறப்ப அதுவும் கூடவே மடங்கும், அது வேண்டாம். குதிங்கால் பின்பக்கம் கட்டைவிரல வெச்சு அமுத்துங்க, உள்ள ஒரு கெட்டித்தனம் இருக்கோணும். மடக்குனா வெரல் மடங்கற எடத்துல மட்டும் மடங்கோணும், நடுப்பாதத்துல மடங்குனா சென்டர் ஸ்டாண்டு இரும்பு உங்க நடுப்பாதத்துலயே குத்தும். கடைக்கு வண்டியில தானே போயிருப்பீங்க, கடைக்காரர் கிட்டச் சொல்லிட்டு ஷூவோட வெளிய வந்து வண்டி மேல உக்காந்து ரெண்டு காலையும் ஊனிப் பாருங்க, ஒரு தடவ ஸ்டாண்டு போட்டுப் பாருங்க. நான் நங்கைக்கு வாங்கறப்ப அப்புடித் தான் பண்ணுனேன், கடைக்காரர் மொதல்ல ஒரு மாதிரி பாத்தாரு, காரணத்தச் சொன்னதும் அவரே வந்து வண்டியப் புடிச்சுக்கிட்டாரு.

சேலை கட்டி ஓட்டறவங்க, கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போறவங்க, பட்டுச் சேலைக்கு ஷூவான்னு யோசிப்பாங்க. சீட்டுக்கு அடியில டிக்கி எதுக்கு இருக்குதுங்க, ஹீல்ஸையும் நல்ல செருப்பையும் ஒரு துணிப்பையில போட்டு அதுல வெச்சுக்கோங்க, மண்டபம் போயி மாத்திக்கலாம். பெட்ரோல் வண்டின்னா டிக்கி இஞ்சின் சூட்டுல சூடாகும், ஒட்டுப் பசை போட்ட செருப்ப அதுலயே நாள் கணக்கா போட்டு வைக்காதீங்க.

பின்னாடி உக்காரறவங்களை நாம மறந்தே போறோம். ஒரு பக்கமா உக்காந்து வர்றவங்க செருப்பு நுனி வெரல்ல தொங்கிட்டே இருக்கும், ஸ்பீடு பிரேக்கர்ல உழுகும், அத எடுக்க நடுரோட்டுல வண்டிய நிறுத்தறது எத்தன ஆபத்துன்னு நெனச்சே பாக்கறதில்லை. பின்னாடி உக்காரறவங்களுக்கு கைப்பிடி, கால் வைக்கற படி, பின் சக்கரத்துல பாதியாவது மூடற தடுப்பு, இது மூணும் இருக்கோணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதியில 123-வது விதியே இருக்குது, சேலை கார்டு அழகா இல்லைன்னு கழட்டிப் போட்ட வண்டியில யாரையும் ஏத்தாதீங்க. பைக், டிவிஎஸ் எக்ஸெல் மாதிரி கம்பி போட்ட சக்கரம்னா கொழந்தைங்க குதிங்கால் உள்ள போயிரும், குதிங்கால் நாண் வரைக்கும் அறுத்துரும், மெத்து மெத்துன்னு இருக்கற ரப்பர் செருப்பு அதத் தடுக்காது, பின்பக்கம் கெட்டியா இருக்கற ஸ்கூல் ஷூ ஓரளவு தடுக்கும். ஸ்கூட்டர்ல சைலன்சர் வலது பக்கம், கொழந்தைய எப்பவும் எடது பக்கமா எறக்கிப் பழக்குங்க. சுட்டுக்கிச்சுன்னா குழாயத் தொறந்து இருவது நிமிசம் தண்ணியில காட்டுங்க, டூத் பேஸ்ட்டும் இங்க்கும் தடவாதீங்க.

பலகை மேல சாமான் வைக்கறது அடுத்த விசயம். 14.2 கிலோ கேஸ் சிலிண்டர், உருளையோட சேத்தா முப்பது கிலோ கிட்ட வரும், இல்லாட்டி தவிட்டு மூட்டை, அத நடுவுல வெச்சுட்டு காலை ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிட்டுப் போறோம். ஒரு வெரல் அகலம் வெளிய இருந்தாலும் பக்கத்து வண்டியோட ஃபுட்ரெஸ்ட்டோ மைல்கல்லோ மொதல்ல தட்டறது அந்த வெரலத் தான். மூட்டைய பின்னாடி கட்டுங்க, முடியாதுன்னா அன்னைக்காவது வெரல் மூடுன ஷூ போடுங்க.

மாலை போட்டவங்க விசயத்துல நான் யோசிச்சு யோசிச்சுத் தான் எழுதறேன். பழனிக்குப் பாத யாத்திரை போறவங்க, சபரிமலைக்கு மாலை போட்டவங்க செருப்புப் போட மாட்டாங்க, அந்த வேண்டுதல நான் மதிக்கறேன், எங்க ஊட்டுலயும் உண்டு. ஆனா வெறுங்கால்ல வண்டி ஓட்டறது வேண்டுதல்ல சேராதுங்க. அத்தன நாளும் பின்னாடி உக்காந்து போங்க, பஸ்ஸுல போங்க, மச்சான் மாப்பிள்ளை யாரையாவது ஓட்டச் சொல்லுங்க.

சுகர் இருக்கறவங்களுக்கு இது தனியாச் சொல்லோணும். வருசக்கணக்கா சுகர் இருந்தா கால்ல உணர்ச்சி கொறைஞ்சு போகும், செருப்புக்குள்ள கல் இருந்தாலும் தெரியாது, சைலன்சர்ல ஒட்டிட்டு இருந்தாலும் சுடறது தெரியாது, ஊட்டுக்கு வந்து ரத்தத்தப் பாத்துத் தான் தெரியும், அந்தப் புண்ணு லேசுல ஆறாது. அவங்க இறுக்கமா இல்லாத, உள்பக்கம் தையல் உறுத்தாத மூடுன ஷூ, பருத்தி சாக்ஸ், போடறதுக்கு முன்னாடி ஷூவுக்குள்ள கைய உட்டுத் தடவிப் பாக்கறது, ராத்திரி பாதத்த வெளிச்சத்துல பாக்கறது, இது நாலையும் உடவே கூடாது.

மழைக்காலத்துல தோல் ஷூ நனைஞ்சா வெயில்ல காய வைக்காதீங்க, வெடிச்சுரும், உள்ள பழைய பேப்பரத் திணிச்சு நெழல்ல வைங்க, ரெண்டு நாள் ஆகும், அதனால ரெண்டு சோடி இருந்தா மாத்தி மாத்திப் போடலாம், நாத்தமும் வராது. ஐப்பசி கார்த்திகை மழையில கம்பூட்ஸ் போட்டு ஓட்டறவங்களப் பாத்திருக்கேன், தொளதொளன்னு இருக்கும், தண்ணி உள்ள போச்சுன்னா கால் தனியா பூட்ஸ் தனியா ஆடும். ரப்பர் அடி வெச்ச கேன்வாஸ் ஷூ நனைஞ்சாலும் பரவால்லை, புடிமானம் போகாது, மறுநாள் காஞ்சுரும்.

மேல பி.யூ. அடிக்கு ஒரு நோய்னு சொன்னேன்ல, அது இது தான். காத்துல இருக்கற ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பொருள் உள்ளுக்குள்ளயே சிதைஞ்சு வரும், போடாம பெட்டியில வெச்சிருந்தாலும் சரி, போடாம வெச்சிருந்தா இன்னும் சீக்கிரம். கல்யாணத்துக்கு வாங்கி நாலு வருசம் பரண்ல வெச்ச ஷூவ எடுத்துப் போட்டு நாலு எட்டு வெச்சா அடி புட்டு மாதிரி உதிரும். வண்டி ஓட்டறப்ப அது நடந்தா என்ன ஆகும்னு யோசிங்க. அதனால பழைய ஷூவ எடுத்தா போடறதுக்கு முன்னாடி அடிய ரெண்டு கையிலயும் மடக்கிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா தூக்கிப் போட்டுருங்க. ரப்பர் அடியா இருந்தாலும் வண்டி ஓட்டறவங்களுக்கு எடது கால் தான் எச்சா தேயும், நிறுத்தறப்ப எல்லாம் அதத் தானே ஊனறோம். நங்கையோட புது ஷூ வாங்கி ஏழு மாசம் ஆச்சு, போன வாரம் திருப்பிப் பாத்தேன், வலது அடி புதுசாட்டவே இருக்குது, எடதுல வெளிப்பக்கம் வெட்டு பாதி தேஞ்சுருச்சு. தீவாளிக்குள்ள அடுத்தது வாங்கோணும்.